எதிர்ப்பக்கத்துக் குருவி

புத்தகத்தில் ஒட்டியிருக்கும் எதையும் பிய்க்காதீர்கள். உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரிதான். தின்கன்ஜூன் வாசகசாலையில் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பிரித்து அட்டவணை போட உட்கார்ந்திருக்கிறீர்கள். "ஆன்ட்டி, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். ஒரே வரியை எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்காது. அதனால் அந்த வரியை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் எழுதுகிறேன். தமிழ் எழுத்து தடுமாறினால் ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்ற இருவர் கேளுங்கள்.

நான் வேலை பார்த்தது ரங்கூனின் நடுவில், கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியிலிருந்த தனியார் நூலகத்தில். கீழே பஸ்களின் ஹாரனும் கண்டக்டர்களின் கூச்சலும் ஓயாது. மூன்று மாடி ஏறி வந்து கதவைச் சாத்தினால் அதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கிவிடும். மழைக்காலத்துப் பிற்பகல்களில் வாசகர்கள் வரமாட்டார்கள். மின்விசிறி சுற்றும், ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். தூங்குகிறேனா வேலை செய்கிறேனா என்று எனக்கே தெரியாத நேரங்கள் அவை.

எங்கள் நூலகத்தில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தாவின் புத்தகங்கள் இருந்தன. ஆங்கிலோ பர்மியக் குடும்பம். அறுபதுகளில் அவர்களில் பலரும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போனார்கள் அல்லவா, இவரும் மனைவி மகள்களோடு போய்விட்டார். போகும்முன் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் முன்னட்டையின் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறிய படம் ஒட்டியிருந்தது. இதை புக்பிளேட் என்பார்கள். இது இன்னாருடைய புத்தகம் என்று சொல்லும் அச்சுச் சீட்டு. ஆனால் அவற்றில் ஒன்றில்கூட குமாஸ்தாவின் பெயர் இல்லை. சிட்னி, மெல்போர்ன், ஆக்லாந்து என்று எங்கெங்கோ இருந்தவர்களின் பெயர்கள். எல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் தலைமை நூலகரை எல்லோரும் சயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சில படங்களை இணையத்தில் போட்டார். மெல்போர்னிலிருந்து ஒரு சேகரிப்பாளர் நீளமாக எழுதினார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! அவர்கள் நாட்டில் முதலில் இங்கிலாந்துப் பிரபுக்களைப் பார்த்துச் சிங்கமும் கேடயமும் போட்டுத்தான் சீட்டு அடித்தார்களாம். பிறகு ஓவியர்கள் தங்கள் காட்டையே பார்க்கத் தொடங்கினார்கள். யூகலிப்டஸ் இலை, சிரிக்கிற மாதிரி கத்தும் மீன்கொத்தி, யாழ்போல் வாலை வளைக்கும் ஒரு பறவை. நியூசிலாந்திலென்றால் மரம்போல் வளரும் பெரணி, மாவோரி மரச்செதுக்கு வளைவுகள். மரக்கட்டையிலும் செம்புத் தகட்டிலும் செதுக்கி அச்சடித்தார்கள். அவருடைய தாத்தா பாட்டி காலத்தில் அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டதாம். சங்கம் வைத்தார்கள், கண்காட்சி நடத்தினார்கள். பலபேர் புத்தகத்தில் ஒட்டுவதையே விட்டுவிட்டுத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பி மாற்றிக்கொண்டார்கள். ரங்கூன் குமாஸ்தாவும் அப்படி அவர்களோடு மாற்றிக்கொண்ட ஒருவர். பித்து ஓய்ந்த பிறகும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்.

அப்படியானால் ஏன் ஒட்டினார்? உதிரிக் காகிதம் என்றைக்காவது குப்பைக்குப் போய்விடும், புத்தகத்தில் ஒட்டினால் யாராவது வைத்திருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். தான் நேசித்த படங்களைத் தான் நேசித்த புத்தகங்களில் குடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த வருஷம் அலமாரியில் கரையான் ஏறியது. "புத்தகம் போனாலும் படமாவது மிஞ்சட்டும். எல்லாத்தையும் எடுத்து ஒரு ஆல்பம் பண்ணிடுங்க" என்றார் சயா. (நாங்கள் பேசியது பர்மியத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.) நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் ஆசையாகவே ஒத்துக்கொண்டேன்.

ஈரத் தாளை வைத்துப் பசையை இளக்கி, படத்தை உரித்து, தட்டிலிருந்த தண்ணீரில் விடுவேன். பழைய பசை பால்போல் கரைந்து இறங்கும். படம் மட்டும் மேலே மிதக்கும். நான் பார்த்தேயிராத பறவைகளும் பூக்களும் மழைவெளிச்சத்தில் மெல்லச் சுழலும். நான் ஆஸ்திரேலியாவுக்குப் போனதில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் தினமும் போய்வந்தேன். பெரணி மரத்தடியில் நின்றேன், தெற்கு வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தொரு படங்கள். எந்தப் படம் எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று குறித்துவைக்க ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. இதுதான் என் முதல் தவறு. ஆல்பம் அவ்வளவு அழகாக வந்ததில் தவறு யார் கண்ணுக்கும் படவில்லை. கரையான் தொட்டதையும் யாரும் எடுக்காததையும் கழித்து, இரண்டு சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே மாவ்பியில் ஒரு மடாலயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தோம்.

ஐரின் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, கோவிட்டுக்கு முந்திய மழைக்காலத்தில். எழுபதைத் தொடும் வயது. மூன்று மாடி ஏறிய களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் அந்தக் குமாஸ்தாவோட பெரிய பொண்ணு" என்றார் ஆங்கிலத்தில். ஆல்பத்தின் படங்களை இணையத்தில் பார்த்திருக்கிறார். அதில் ஒன்றில் அவருடைய பெயரே இருந்தது. அவர் பிறந்தபோது, அப்பா முகம் பார்த்தேயிராத ஆக்லாந்துப் பெண்மணி ஒருவர் மரத்தில் செதுக்கி அனுப்பிய சீட்டு. வாலை விசிறிபோல் விரித்த ஒரு சின்னக் குருவி. அதன் காலடியில் 'ஐரின்'.

நான் பெருமையோடு ஆல்பத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படம் அழகா இருக்கு. ஆனா நான் இதுக்காக வரலை. இது எந்தப் புத்தகத்துல இருந்தது? அப்பா தினமும் எனக்குப் படிச்சுக் காட்டின புத்தகம். பேர் ஞாபகமில்லை. தொடக்கத்துல இந்தக் குருவி இருக்கும், அவ்வளவுதான் தெரியும். சாகும்போதும் அதைப் பத்திப் பேசினார். நாளை மறுநாள் சாயந்திரம் எனக்கு ஃப்ளைட்."

தேடிவருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். சயாவிடம் சொன்னேன்.

"இதுக்கா இப்படிப் பதறுறீங்க? அந்த ஆளோட புத்தகத்துல சின்னப் பிள்ளைங்க கதைப் புத்தகம் ஒண்ணு இருக்குல்ல? அதைக் குடுங்க. சந்தோஷமா போவாங்க."

கப்பல் படங்கள் போட்ட சிறுவர் கதைப் புத்தகம் அது. தூசியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஐரின் அதை வாங்கி முகர்ந்தார்.

"இதுதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று பிறகு என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டியது பொய்தான். சயா புத்தகத்தை அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார். ஐரின் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை பஸ் பிடித்து நேரே அவருடைய ஓட்டலுக்குப் போனேன். தயங்கினால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். அதனால் உட்காரும்முன்பே சொன்னேன்: "மேடம், அது அந்தப் புத்தகமில்லை. படத்தை எடுத்தது நான்தான். எதிலேருந்து எடுத்தேன்னு எழுதிவைக்கலை. எனக்குத் தெரியாது."

அவர் மெதுவாகச் சொன்னார். "நேத்து என் தங்கைக்கு போன் பண்ணி அதிலேருந்து படிச்சுக் காட்டினேன். அவ அழுதா. எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரலை. எனக்கு வயசாயிடுச்சு, மூளை போயிடுச்சுன்னு நினைச்சேன்."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் கதவைக் காட்டினார்.

"போ."

தமிழில் சொன்னார். அவரைச் சிறுவயதில் வளர்த்தது ஒரு தமிழ் ஆயாவாம். வா, போ, தூங்கு, பால். அவருக்கு மிஞ்சிய தமிழ் அவ்வளவுதான். அதில் ஒரு சொல் எனக்குக் கிடைத்தது.

பின் சந்தில் எங்கள் நூலகத்துக்கு பைண்டு செய்து கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் பைண்டர் பாய்தான். திரும்பும் வழியில் அவருடைய கடை வாசலில் நின்று, நடந்ததை எல்லாம் கொட்டினேன். பாய் பசைக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"படம் எங்கேருந்து வந்துச்சுன்னு படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படிம்மா? அத்தனை வருசம் அது யார் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சோ அந்தப் பக்கத்தைப் பாருங்க. கறுப்பு மசிலே எண்ணெய் இருக்கும். எதிர்த்தாளுலே பழுப்பா எறங்கியிருக்கும்."

"அது அழுக்குக் கறைன்னு நினைச்சேன் பாய்."

"அப்பவே எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். இருபது வருஷ அனுபவம் இருக்கிற நான் சந்துக்குள் போய் பைண்டரிடம் என்ன கேட்பது என்ற எண்ணம். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுதாகாது.

மத்தியானம் நூலகத்தில் குமாஸ்தாவின் புத்தகங்களை எடுத்துவைத்து ஜன்னலோரம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் தாளைச் சாய்த்துப் பிடித்தால், இருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு பாய்மரக் கப்பல், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி. அடுத்ததில் பெரணி மரம். அடுத்ததில் யாழ்வால் பறவை. ஒரு மாதம் தண்ணீரில் மிதக்கவிட்டு நான் பார்த்த அத்தனையும் நிழலாக இங்கேயே இருந்திருக்கின்றன.

யாரோ பின்னால் நிற்பது தெரிந்து திரும்பினேன். ஐரின். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கதைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கேன். எப்படித் தேடுறதுன்னு சொல்லு."

சாயங்காலம் வரை இருவரும் தேடினோம். ஒவ்வொரு நிழலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. குருவி மட்டும் எதிலும் இல்லை.

"மீதி எங்கே?"

"மாவ்பியில. கழிச்ச புத்தகங்கள். நான்தான் கழிச்சேன்."

மறுநாள் காலை டாக்சியில் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் மழை விட்டது. இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் நின்றது, அதில் மேகம் கிடந்தது. சாலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஐரின் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தான் ஒன்பது வயதில் விட்டுப்போன நாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "கனவுல எப்பவும் இங்கே மழைதான்" என்றார்.

மடாலயத்துத் தலைமைத் துறவியை சயாடோ என்போம். அவர் எங்களைப் பள்ளிக்கூடத்து அலமாரிக்கு அழைத்துப்போனார். எங்கள் புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்தன. பிள்ளைகள் அவற்றுக்கெல்லாம் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து நான் திறக்கத் தொடங்கினேன். ஐந்தாவதோ ஆறாவதோ புத்தகத்தில், முதல் தாளின் நடுவில், தேநீர்க் கறைபோல, விரிந்த வால். குருவி வலப்பக்கம் திரும்பியிருந்தது. ஆல்பத்தில் இடப்பக்கம் பார்க்கும்.

தலைப்பைப் பார்த்தேன். வெப்ப நாடுகளில் காய்கறி பயிரிடுவது எப்படி என்று சொல்லும் ஆங்கிலக் கையேடு. ஒருவேளை இன்னொரு தவறோ என்று பயந்துகொண்டே நீட்டினேன். ஐரின் தலைப்பைப் படித்தார். திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். கத்தரி நாற்றை எத்தனை அங்குல இடைவெளியில் நட வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு எப்படித் தண்ணீர் விட வேண்டும் என்று ஆங்கிலத்தில், ஒரு ஆணின் நிதானமான குரலைப் பின்பற்றுவதுபோல. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை.

"கதை படிச்சா நான் தூங்கவே மாட்டேன், அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அதனால அப்பா இதைப் படிச்சார்!"

பக்கங்களைப் புரட்டினோம். ஓரங்களில் பென்சிலால் சிறுசிறு கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆங்கில எழுத்து, ஐ. வெண்டைக்காயில் ஒன்று, புடலங்காயில் மூன்று, பூசணியில் நிறைய. தினமும் மகள் எந்த வரியில் தூங்கிப்போனாள் என்று அப்பா குறித்துவைத்திருக்கிறார். அந்தக் குறிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கழிக்கும் பட்டியலில் 'பென்சில் கிறுக்கல்கள், பயனற்றது' என்று எழுதியது நானேதான்.

சயாடோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கொண்டு போங்கள். இங்கே யாரும் அதைப் படித்துத் தூங்கவில்லை" என்றார். அவரும் சிரித்தார்.

திரும்பி வரும்போது ஐரின் கேட்டார்: "குருவியையும் அதுல வச்சுத் தருவியா?"

சயாவுக்கு போன் செய்தேன். அடுத்த வாரம் விருந்தினர்களுக்கு ஆல்பத்தைக் காட்டப் போகிறோம், அதைத் தொடக் கூடாது, பிறகு குழுவில் பேசி முடிவெடுக்கலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆல்பம் நூலகத்தின் சொத்து, என்னுடையதல்ல. ஆனால் ஃப்ளைட்டுக்கு ஐந்து மணிநேரம்தான் இருந்தது. எடுக்கக் கூடாததை எடுத்தவள் நான், திருப்பி வைக்க மட்டும் குழுவின் அனுமதி எதற்கு என்று அப்போது தோன்றியது. இன்றைக்கும் அது சரியா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவே மாட்டேன். நான் செய்தேன், அவ்வளவுதான்.

பாய் கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தார். ஆல்பத்திலிருந்து எடுத்த குருவியைப் பழைய பசைத் தடத்தின் மேலேயே அளவு பார்த்து வைத்தேன். அட்டையை மூடினேன். குருவியும் அதன் நிழலும் மறுபடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பாரம் ஏற்றி ஒருநாள் காயவைக்க வேண்டும். நேரமில்லை. துணியில் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் திறக்காதீங்க. ஈரம் காயணும்."

"திறக்க மாட்டேன்" என்றார் ஐரின், சின்னப் பெண் சத்தியம் செய்வதுபோல. பிறகு என் கையைப் பிடித்து, "நீ நேத்து வந்து சொல்லியிருக்கலைன்னா நான் அந்தக் கப்பல் கதையோட செத்துப்போயிருப்பேன்" என்றார். நன்றி சொன்னாரா, குற்றம் சொன்னாரா? இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சயா எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மிச்சப் படங்களுக்கும் புத்தகம் தேடப்போகிறேன் என்று நான் சொன்னபோது தடுக்கவுமில்லை. ஓய்வு பெறும்வரை, வேலை இல்லாத பிற்பகல்களில், நிழல்களைப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தேன். புதிதாக எதையும் ஒட்டவில்லை. படத்தின் எண்ணைப் புத்தகத்தின் அட்டையிலும் புத்தகத்தின் எண்ணை ஆல்பத்திலும் எழுதினேன், அது போதும்.

ஒன்பது படங்களுக்குக் கடைசிவரை புத்தகம் கிடைக்கவில்லை. அவற்றின் அட்டவணைக் கார்டுகளில் நான் எழுதியதைப் பார்த்து சயா அதிர்ந்துபோனார். "பார்வதியம்மா, கேட்டலாக்ல யாராவது இப்படி எழுதுவாங்களா?"

"தேடி வர்றவங்க யார்கிட்டே கேக்கணும்னு தெரிய வேணாமா சயா?" என்றேன்.

அவர் கார்டை இன்னொரு முறை படித்தார். பிறகு இழுப்பறையில் அதன் இடத்திலேயே வைத்து மூடினார். நீங்கள் கியாக்டடா பக்கம் போனால் திறந்து பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கும். ஒன்பது கார்டிலும் ஒரே வாசகம்: 'எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று தெரியவில்லை. பிய்த்து எடுத்தவள் நான். பார்வதி.'